பாலாடையில் முதல் பால்

நேற்றுக் காலை செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்றைப் பார்த்தேன். எவர்சில்வர், நீள மூக்கு, கொதிநீரிலிருந்து எடுத்த சூடு இன்னும் ஆறவில்லை. என் தம்பி மகளுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்திருக்கிறது. அவளிடம் பீய்ச்சிய முதல் பால் பாலாடையின் அடியில் மஞ்சளாகக் கிடந்தது. நர்ஸ் அதை ஏந்தி வந்து நின்றபோது அவள் முகத்தில் அன்றாட வேலை செய்கிற அலுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. இது இன்று அலுத்துப்போகிற வேலையாகிவிட்டது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு ஓர் ஆய்வில் சேர்ந்தோம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு முதல் பாலை எப்போது கொடுப்பது என்பதுதான் கேள்வி. இன்று கேட்டால் சிரிப்பார்கள். அன்று அதற்காகப் பெரிய மனிதர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆய்வை நடத்தியவரை நாம் பெரிய டாக்டர் என்போம். முதல் நாள் பட்டினி போடுவதுதான் பத்திரம், பிஞ்சுக்கு விழுங்கத் தெரியாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. அச்சரப்பாக்கத்தில் மாடு கன்றோடு வளர்ந்த நீ எதிர்க்கட்சி.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. திருப்போரூருக்கு மேற்கே இருந்த சுகாதார நிலையத்தில் பிறக்கும் சிறு குழந்தைகளுக்கு உடனே தாய்ப்பால். கோவளம் பக்கத்துக் கடலோர நிலையத்தில் பிறப்பவற்றுக்கு ஒரு நாள் கழித்து. நம் இருவரையும் போட்டது கடலோரத்தில். அங்கே மாமியார்களும் முதல் பாலைப் பிழிந்து தரையில் விட்டுவிட்டு, ஒரு நாள் இரண்டு நாள் காத்திருந்துதான் பிள்ளையை மாரில் போடுவார்கள். பெரிய டாக்டரும் கடலோரத்து மாமியார்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது என்று நீ சொல்வாய். ஒரே வித்தியாசம், மாமியார்கள் இடையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். முதல் சொட்டை நாக்கில் வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால் அதற்கு ஆள் தேடுவதே ஒரு கல்யாண வேலையாக நடக்கும்.

ஜமீலாவை நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது அபத்தம். கோவளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்து மருமகள். ஆய்வு தொடங்கிய வருஷம் அவளுக்குப் பிறந்த பையன் எடை குறைந்தவன். விதிப்படி அவனுக்கு ஒரு நாள் பால் இல்லை. மறுநாள் உடம்பு ஜில்லிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டான். அந்த ஒரு சாவுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. எடை போதவில்லை என்றோம் பெரிய டாக்டரும் நானும். பசி என்றாய் நீ. சர்க்கரைத் தண்ணீர் வைத்த கை சரியில்லை என்றார் ஜமீலாவின் மாமியார். மூன்றில் எதற்கும் ஆதாரம் கிடையாது. பையனை மட்டும் அடக்கம் செய்தாயிற்று.

மறு வருஷம் ஜமீலா மறுபடி வந்தாள். பிரசவம் முன்கூட்டியே ஆகிவிட்டது. பெண் குழந்தை. அண்ணனைவிட ஒரு பிடி கூடுதல், அவ்வளவுதான். தகப்பன் வந்து குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லி முடித்தார். அவர் வெளியே போனதும் மாமியார் ஒரு கிண்ணத்தோடு உன் முன்னால் வந்து நின்றார். உள்ளே சர்க்கரைத் தண்ணீர்.

“போன தபா கை சரியில்லம்மா. இந்த தபா உன் கையால வெய்யி. உன்னாட்டம் நல்ல மனசு இந்த ஊர்லயே இன்னொருத்திக்கு இல்ல.”

வருஷம் முழுக்க வீடு வீடாகப் போய் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம் என்று தொண்டை வற்றப் பேசியவள் நீ. அந்தப் பிரசாரத்தில் அவர்களுக்குப் பிடித்துப்போனது நீ மட்டும்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஜமீலா படுக்கையிலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தையும் போனால் அந்த வீட்டில் தன் நிலைமை என்ன என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

நீ கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தாய். “வெக்கிறேன். ஆனா நான் இன்னா வெக்கிறேனோ அதான். நடுவுல பேசக் கூடாது” என்றாய். பிறகு பாலாடையைக் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டு ஜமீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரிந்ததும் உன் தோளைத் தொட்டு வெளியே கூப்பிட்டேன். விதியை மீறுகிறாய், ஆய்வு கெட்டுப்போகும், பால் நுரையீரலுக்குள் போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். “என் பொறுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய். எனக்கு நல்ல கோபம்.

மாமியார் அந்தப் பாலைப் பார்த்து முகம் சுளித்தார். சீழாட்டம் மஞ்சளா கீதே, கெட்ட பாலாச்சே என்றார். நீ தலை நிமிராமலே பதில் சொன்னாய்.

“மாடு கன்னு போட்டா சீம்பால்ல வெல்லம் போட்டுக் கிண்டி துன்றீங்களே, அது மட்டும் நல்லாகீதா? நாம துன்றது போக மிச்சத்தக் கன்னுக்கு விடறோம். இங்க இவளுக்கு மிச்சம்கூட இல்ல.”

நீ குழந்தையை மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்து, ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தாய். தொண்டை அசைந்தது. இன்னொரு சொட்டு. “ஊத்தக் கூடாது. அது முழுங்கி முடிச்சு நம்மளக் கேக்கணும்” என்றாய், யாரிடம் என்று தெரியாமல். மூச்சு மாறுகிறதா என்று நான் குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாறவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் ஜீப்பில் வந்தார். குழந்தை அம்மாவின் சேலைக்குள் சூடாகக் கிடந்தது. உன்னை அவர் திட்டவில்லை, அதுவே மோசம். பட்டினிக் குழுவில் பிறந்து பால் குடித்த குழந்தை எந்தக் குழுவிலும் வராது, ஆய்விலிருந்து நீக்கிவிடுங்கள் என்றார். நான் அவர் சொல்வது சரி என்றேன். திரும்பும்போது திருப்போரூர் தாண்டியதும் நீ பேச்சை எடுத்தாய்.

“இந்தப் பொண்ணு பொழச்சது எதுக்கும் சாட்சி இல்லேங்கறே. சரி. அந்தப் பையன் செத்தது மட்டும் எதுக்குடி சாட்சி? அவனக் கணக்குல வெச்சுக்கறீங்க.”

அன்று நான் சொன்ன பதிலில் இன்றும் மாற்றமில்லை. பிழைத்தவனையும் செத்தவனையும் ஒரே விதியில் வைத்து எண்ணினால்தான் கணக்கு. நீ செய்தது வைத்தியம், ஆய்வு அல்ல. ஆனால் அந்த மடியில் இருந்தது என் குழந்தையாக இருந்தால் நீ செய்ததைத்தான் கேட்டிருப்பேன். இரண்டும் உண்மை. ஒன்றை ஒன்று தீர்த்துவைக்காது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் உலகம் முழுவதும் புத்தகங்கள் உன் பக்கம் மாறிவிட்டன. நீ அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் குத்திக்காட்டவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

குழந்தை தவழத் தொடங்கியதும் மாமியார் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், புகார் சொல்ல. “இன்னா பிடிவாதம் டாக்டரம்மா, வூட்ல ஒருத்தர் பேச்சும் கேக்க மாட்டேங்குது. அப்படியே உன் கொணம் வந்துட்ச்சு.” நீ வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அந்த மாதிரி நம்பிக்கைகளை வளர்த்துவிடக் கூடாது என்று அப்புறம் உனக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நீ கேட்டுக்கொண்டே வேர்க்கடலை தின்றாய்.

நேற்று அந்த நர்ஸ், முதல்ல யாரு குடுக்கறீங்க என்று கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்தவள், டாக்டர் வேறு. அத்தை குணம் வரட்டும் என்றாள் தம்பி மகள், கொஞ்சம் வேடிக்கையாக, கொஞ்சம் பயத்தோடு. என் குணம் வந்தால் இந்தப் பிள்ளை ஒவ்வொரு சொட்டுக்கும் ஆதாரம் கேட்கும் என்றேன். சிரித்தார்கள். கை கழுவி உட்கார்ந்து, நீ சாய்த்த மாதிரி சாய்த்து, மூக்கை உதட்டோரத்தில் வைத்தேன்.

ஊற்றவில்லை. அது விழுங்கி முடித்து என்னைக் கேட்கும்வரை காத்திருந்தேன். உன் சாவுக்கு வந்தபோது அழாதவள், அந்தத் தொண்டை அசைந்ததும் அழுதேன். முதல் சொட்டு இறங்குகையில் வேண்டுமென்றே உன்னை நினைத்துக்கொண்டேன். அப்படி ஏதாவது போய்ச் சேரும் என்றால் உன்னுடையது போகட்டும் என்று. இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.