நடுவில் ஒரு சமதளம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பாட்டம் புலம்பியிருப்பாய். போனில் மேப்பை விரித்துக் காட்ட முடியாது, உனக்கும் கையில் பென்சில் இல்லாமல் யோசனை ஓடாது என்பதால் இந்தக் கடிதம்.

இந்த நகரத்தை விட்டுக் கிளம்பப் போகிறோம். ஆறாவது மாடியில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்து கொண்டிருக்கிறேன். என் சைக்கிளோ பால்கனியில் துணி காயப்போடத்தான் ஆகிறது. பல் செட்டை எங்கிருந்து செய்தாலும் கூரியரில் அனுப்பிவிடலாம், பிறகு இந்தக் கூண்டு எதற்கு? எனக்கு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட வேண்டும். உன் தம்பி பெண்டாட்டிக்கு மலையேறி நடக்க வேண்டும். உன் மருமகள் பொடிசுக்கு ஒன்பது வயதாகிறது, அவளுக்கு இரண்டும் வேண்டும்.

மூன்று ஊர் பார்த்தோம். ஒன்று ஏரிக்கரை. பாதை அழகுதான், ஆனால் சப்பட்டை. எழுபது வயதுக்காரர்கள் மணியடித்து என்னை ஒதுங்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கணவாய்க்கு மேலே, வருஷத்தில் ஐந்து மாதம் பனி. மூன்றாவதில் ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது. பின்கதவைத் திறந்தால் ஒற்றையடிப் பாதை நேராகக் காட்டுக்குள் ஏறுகிறது. அவளுக்கு ஏரி, எனக்குக் காடு, பொடிசுக்குப் பனி. வீட்டில் தினமும் ரகளை. கடைசியில் அவள்தான், "அண்ணி சர்வேயர்தானே, அவங்களே சொல்லட்டும். அவங்க சொன்னா நான் வாயே திறக்கமாட்டேன்" என்றாள்.

மூன்று மேப்பும் இத்துடன் இருக்கின்றன. நீ எங்கே பென்சிலை வைக்கிறாயோ அங்கே குடியேறுகிறோம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் ஊர்சுற்றிவிட்டு, உன்னைப் போலவே கசங்கி வந்து சேர்ந்தது. உன் பெண்டாட்டி என்னை நீதிபதியாக்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். வாய் திறக்கமாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

மூன்று மேப்பையும் ஆபீஸ் மேஜையில் விரித்து இரண்டு மத்தியானம் பார்த்தேன். ஏரிக்கரை தாழ்வான இடம், வீட்டுக்குள் தண்ணீர் வரும். கணவாய் ஊரில் நீ சைக்கிள் ஓட்டுவதைவிடப் பனி தள்ளுவதுதான் அதிகம் இருக்கும். மூன்றாவதுதான் சரி. அந்த மலையில் உயரக்கோடுகள் மேலேயும் கீழேயும் நெருக்கமாக இருக்கின்றன, அதாவது செங்குத்து. நடுவில் மட்டும் கோடுகள் விலகி, ஒரு ஏக்கர் அளவுக்குச் சமதளம். உன் வீடு அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு செங்குத்தில் அப்படி ஒரு இடம் கிடைப்பது அதிர்ஷ்டமடா. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

இருபத்திரண்டு வருஷமாக அளக்கிறேன். நான் கல் நட்ட இடத்தை இதுவரை எவனும் மாற்றி நடச் சொன்னதில்லை. மேப்பில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன், பொடிசிடம் காட்டு. அத்தை போட்ட வட்டத்துக்குள் அவளுக்கு ஒரு ஊஞ்சல் கட்டிக் கொடு.

ஆசிகளுடன்,
அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து ஐந்து வாரமாகிறது. நீ சொன்னது நூற்றுக்கு நூறு. காலையில் பல் செட் வேலை, மாலை நாலு மணிக்கு ஹெல்மெட். அவள் தினமும் உச்சி வரை நடந்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் கீரை ஆய்கிறாள். பொடிசு முட்டியில் தோல் மிச்சமில்லை, ஆனாலும் ஒரு நாள்கூட அழவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை அக்கா. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

குறை சொல்லாவிட்டால் கடிதம் மாதிரி இருக்காது என்பாயே, இதோ. பின்கதவு நிலையில் உரசுகிறது, தோளால் முட்டித்தான் திறக்கிறேன். வேலிக் கம்பங்கள் எல்லாம் குடித்தவன் மாதிரி ஒரே பக்கம் சாய்கின்றன. நிமிர்த்தி வைத்தேன், மறுபடியும் சாய்ந்துவிட்டன. வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நேராக வளர்ந்திருக்கின்றன; பொடிசு அந்த வளைவில் உட்கார்ந்து படிக்கிறாள். வீட்டுக்கு மேலே பாதையின் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குப் படி மாதிரி மண் இறங்கியிருக்கிறது. சைக்கிளில் எகிறிக் குதிக்க அருமையான இடம்.

சரிவில் எங்களுக்குக் கீழே உள்ள வீட்டில் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். "மழை பிடிச்சா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன் தம்பி. இங்க இருக்கமாட்டேன்" என்றார். ஏனென்று கேட்டால், "முட்டி வலி" என்கிறார். மனுஷன் ஒரு மாதிரி.

அன்புடன்,
தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

நலம். ஆபீஸில் வேலை நெருக்கடி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கதவு உரசுவதெல்லாம் புதிதாகக் குடி போகிற வீட்டில் சகஜம். மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். நல்ல தச்சராகப் பார்த்து இழைக்கச் சொல். கம்பங்களுக்கு ஆழமாகக் குழி தோண்டு.

பாதையில் இருக்கிறதே அந்தப் படி, அது நேர்க்கோடாகப் போகிறதா, வளைந்து போகிறதா? சும்மாதான் கேட்கிறேன். பொடிசை அங்கே குதிக்க விடாதே, விழுந்து வைப்பாள்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. என் மேல் கோபமா? போனிலும் நான் வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் நீ சமையலுக்குத் தாவிவிடுகிறாய்.

தச்சர் கிடைத்துவிட்டார். தங்கமான மனுஷன், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எதற்கெடுத்தாலும் சிரிப்பார். இரண்டு தடவை வந்து இழைத்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. "சார், கதவு நல்லாத்தான் இருக்கு. நிலைதான் கோணிக்கிட்டே போவுது. நான் எத்தனை தடவை இழைக்கிறது?" என்றார். அடுத்த மாதம் நாலாம் தேதி வந்து நிலையையே கழற்றி மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வேலையிலும் தொல்லை. பல் அச்சில் ஊற்றுகிற சாந்து ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து இறுகுகிறது. மேஜைக் காலுக்கு அட்டை வைத்துச் சமன் செய்தேன். பத்து நாளில் இன்னொரு அட்டை. இப்போது நாலு அட்டை ஆகிவிட்டது. பின்பக்க ஊற்று தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது, போன வாரத்திலிருந்து காப்பி நிறத்தில் வருகிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பஸ் டிரைவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீ கேட்டிருந்தாயே அந்த மண் படி, அது இப்போது முழங்கால் உயரம். அது வளைவுதான். பொடிசு அதன் ஓரமாகவே நடந்து பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு இடப்பக்கம் தொடங்கி, மேலே சுற்றிக்கொண்டு, வலப்பக்கம் இறங்குகிறதாம். "அப்பா, நம்ம வீட்டச் சுத்தி யாரோ கோடு போட்டிருக்காங்க" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 23

என் தம்பிக்கு,

இதைப் படித்து முடித்ததும் கிளம்பு. துணி எடுக்காதே, வீட்டைப் பூட்டக்கூட நிற்காதே. பொடிசையும் அவளையும் கூட்டிக்கொண்டு கீழே ஊருக்குள் போ.

நான் தப்பான இடத்தில் வட்டம் போட்டுவிட்டேன். என் வேலையெல்லாம் சமவெளியில்தான், சமமாக இருந்தால் நல்ல நிலம் என்றே பழகியவள் நான். அவ்வளவு செங்குத்தான மலையின் நடுவில் சமமாக ஒரு இடம் இருக்கிறதென்றால், அது எப்போதோ மேலேயிருந்து சரிந்து வந்து தங்கிய மண். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அது மறுபடி நகரும். கம்பம் சாய்வதும் மரம் வளைவதும் ஊற்று கலங்குவதும் அதனால்தான். பொடிசு பார்த்த கோடு, மண் மலையை விட்டுப் பிரிகிற கோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். வளைந்த மரம் என்று நீ எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் கதவு ஊதியிருக்கும், இழைக்கச் சொல் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் தப்பு செய்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அதிலும் உன்னிடம், உன் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சறுக்கலில் நீங்கள் மூன்று பேரும் குடியிருக்கிறீர்கள்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா. எழுதினால்தான் பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடிப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. சீக்கிரம் கிளம்பு.

அக்கா


அக்டோபர் 11

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தின் இசை வகுப்பறையில் எங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள்.

நாலாம் தேதி சனிக்கிழமை. பொடிசுக்கு ஷூ வாங்க அவளும் பொடிசும் கீழே ஊருக்குப் போயிருந்தார்கள். நான் இரண்டு பல் செட்டைக் கூரியரில் போட சைக்கிளில் இறங்கினேன். தச்சர் நிலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நீங்க போய்ட்டு வாங்க சார், வந்து பாருங்க, சுண்டு விரலால தொறக்கலாம்" என்றார். கூரியர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிகள் அதிர்ந்தன. வெளியே வந்து பார்த்தேன். மலையில் நம் வீடு இருந்த இடம் பச்சை மண்ணாக இருந்தது.

அவரை எடுக்க மூன்று நாள் ஆனது. நானும் தோண்டினேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வீடு இல்லாததால் தபால்காரர் என்னைத் தேடி, நாங்கள் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கே கொண்டு வந்து கொடுத்தார். மண் கையோடு பிரித்துப் படித்தேன். தப்பான இடத்தைக் காட்டியதற்கு உன் மேல் எனக்குக் கோபமே இல்லை அக்கா. நான் கேட்டேன், நீ சொன்னாய். தப்பு யாருக்கும் வரும். ஆனால் நீ தேதி போட்டிருக்கிறாய். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ போன் செய்தாய். மழை எப்படி என்று கேட்டாய். பொடிசு புதுப் பாட்டு ஒன்று பாடினாள், முழுதும் கேட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

அடக்கம் முடிந்ததும் தச்சரின் மனைவி என்னிடம் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஆகும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதாங்க?" என்று மட்டும் கேட்டார். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

"யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "அப்ப யாரச் சொல்லி என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில்தான் இருக்கிறார். காலையில் ஜன்னலைத் திறந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது, என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்கிறார். நானும் வணக்கம் சொல்கிறேன்.

எனக்கு இதுவே தாங்கவில்லை. இதற்கு மேல் உன் குரலையும் கேட்க என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே. எழுதவும் எழுதாதே. அத்தை ஏன் பேசவில்லை என்று பொடிசு கேட்டால் ஏதாவது ஒரு பொய் சொல்லிக்கொள்கிறேன். உனக்காகப் பொய் சொல்ல இப்போது எனக்கு வந்துவிட்டது.

தம்பி