பெண்கள் பக்கக் கதவின் பூட்டு

அனுப்புநர்:
எம். சாகுல் ஹமீது (வயது 47),
தையல் கடை, மெயின் பஜார்,
வத்திராயிருப்பு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
(திரையரங்கு உரிமம் வழங்கும் அலுவலர்),
காமராஜர் மாவட்டம், விருதுநகர்.

பொருள்: ஸ்ரீவில்லிபுத்தூர் பூங்குழல் டாக்கீஸில் படம் ஓடும் நேரத்தில் பெண்கள் பகுதிக் கதவை வெளிப்பக்கம் பூட்டுவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மேற்படி தியேட்டர் நிர்வாகம் எனக்கு எழுதிய கடிதம், நாள் 6.7.1989.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் இருபத்திரண்டு வருடங்களாகத் தையல் தொழில் செய்து வருகிறேன். பெண்களுக்கு ரவிக்கை தைப்பதே பெரும்பகுதி வேலை. என் மனைவி ஜெய்னப் (வயது 39) கடந்த மார்ச் மாதம் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மேற்படி தியேட்டரில் மேட்னி காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். அது குறித்தே இம்மனு.

2. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையை அடைத்துவிட்டு, இருவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று மேட்னி பார்ப்பது வழக்கம். புதுப் படம் வராத வாரம் பார்த்த படத்தையே மறுபடி பார்ப்போம். அந்தத் தியேட்டரில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் இருக்கிறது. ஆகவே படத்தைப் பற்றிய பேச்செல்லாம் திரும்பும் பஸ்ஸில்தான். கதாநாயகி எந்தப் பாட்டில் என்ன மாதிரி கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள், கழுத்து வட்டமா சதுரமா என்று அவள் சொல்லிக்கொண்டு வருவாள். அடுத்த வாரம் வாடிக்கைக்காரப் பெண்கள் அதையே கேட்டு வருவார்கள். சண்டைக் காட்சி வந்தால் அவள் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆகவே சண்டையை நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். யார் யாரை எங்கே வைத்து அடித்தார், யார் எப்படித் தப்பினார் என்று ஒன்று விடாமல் கேட்பாள்.

கொடைக்கானல் ஒளிபரப்பு வந்து நாங்களும் ஒரு டி.வி. வாங்கிய பிறகு, இனி எதற்கு பஸ் ஏறி அலைய வேண்டும் என்று நான் ஒரு நாள் கேட்டேன். “வீட்ல உக்காந்தா டி.வி.யையும் பாக்கணும், உலையையும் பாக்கணும். அங்கன போனா படத்தை மட்டும் பாக்கலாம்லா” என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

3. அவளுக்கு இரைப்பு நோய் உண்டு. சம்பவத்தன்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தாள். இடைவேளையில் வெளியே சந்தித்துக்கொண்டோம். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தாள்.

4. இடைவேளைக்குப் பின் நடந்ததை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த மகாராஜபுரம் ஆவுடையம்மாள் என்ற பெண்மணி பின்னால் என்னிடம் சொன்னார். படம் மறுபடி தொடங்கிச் சற்று நேரத்தில் ஜெய்னபுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருக்கிறது. காற்றோட்டமாக நிற்கலாம் என்று எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறாள். ஆவுடையம்மாளும் கூடப் போயிருக்கிறார். கதவு வெளியே பூட்டியிருந்தது. டிக்கெட் எடுக்காதவர்கள் நுழைந்துவிடுகிறார்கள் என்று படம் தொடங்கியதும் பூட்டிவிடுவது அங்கே வழக்கமாம். பெண்கள் பகுதிக்கு வேறு வாசல் கிடையாது. இருவரும் தட்டியிருக்கிறார்கள். பிறகு அங்கிருந்த ஏழெட்டுப் பெண்களும் சேர்ந்து தட்டியிருக்கிறார்கள்.

சாவி, கேட்டில் நிற்கும் கருத்தப்பாண்டி என்பவரிடம் இருந்தது. அதே படம் ராஜபாளையத்தில் இன்னொரு தியேட்டரிலும் ஒரு மணி நேர இடைவெளியில் ஓடியதால், இங்கே ஓடி முடிந்த பிலிம் பெட்டியை மொபெட்டில் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அவருக்கே தரப்பட்டிருந்தது. அவர் போய்த் திரும்பி வந்து கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மாற்றுச் சாவி கிடையாது.

5. “நாங்க எம்புட்டுத் தட்டுனோம் பாய். படச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல” என்று ஆவுடையம்மாள் சொன்னார்.

ஐயா, எனக்குக் கேட்டது. சுவர் ஓரமாக மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். தட்டுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. என் பக்கத்தில் இருந்தவர், “பொம்பளையாளுக அங்கன என்னத்துக்கோ சண்டை போடுதாக” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது திரையில் சண்டைக் காட்சி. பஸ்ஸில் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. படத்தைக் கடைசி வரை பார்த்தேன். இதை ஆவுடையம்மாளிடம் நான் சொல்லவில்லை. தங்களிடம் சொல்வது கடமை என்று எழுதுகிறேன்.

6. நான் வெளியே வந்தபோது டிக்கெட் கவுண்டர் பக்கத்து பெஞ்சில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிர் போய் நேரமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை அடக்கம் செய்தோம்.

7. நாற்பதாம் நாள் கழித்துக் கருத்தப்பாண்டி என் கடைக்கு வந்தார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். “சாவி என் சட்டைப் பையிலதான் கெடந்துச்சு பாய்” என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

8. கதவைப் பூட்டக்கூடாது என்று தியேட்டர் நிர்வாகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பார்வையில் கண்ட பதில் வந்தது. கவனக்குறைவாக இருந்த ஊழியர் வேலையை விட்டு நீக்கப்பட்டுவிட்டார், எனவே விஷயம் முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஐயா, ஒரு ஆளை நீக்கும்படி நான் எழுதவில்லை. பூட்டை நீக்கும்படி எழுதினேன். கருத்தப்பாண்டி மீது எனக்குப் புகார் இல்லை என்பதை இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

9. அந்தக் கடிதத்துடன் ஒரு பாஸும் அனுப்பியிருந்தார்கள். எந்தப் படத்துக்கும், எந்தக் காட்சிக்கும், ஆயுள் முழுவதும் இலவசமாக வரலாம் என்று அதில் சீல் போட்டிருக்கிறது. அதை ஒரே ஒரு முறை, ஜூலை 14ஆம் தேதி மேட்னிக்கு உபயோகித்தேன். உள்ளே போகும் முன் பெண்கள் வாசலைப் போய்ப் பார்த்தேன். புது ஆள், புதுப் பூட்டு. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதே சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். என்ன படம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் தட்டவில்லை. படம் முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

10. இப்போது வெள்ளிக்கிழமையும் கடை திறந்திருக்கிறது. மாலையில் டி.வி.யில் பாட்டுப் போடும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டார் வருகிறார்கள். போட்டுவிடுகிறேன். பாட்டு வருகிறது, முடிகிறது, அவர்கள் போகிறார்கள். யாராவது புது மாதிரி ரவிக்கை கேட்டால், பழைய அளவுச் சட்டையைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

11. ஆகவே, படம் ஓடும்போது பெண்கள் பகுதிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் இருக்கவும், வாசலில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்கவும், இயன்றால் நடுச் சுவரில் ஒரு வழி வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். நஷ்டஈடு எதுவும் நான் கேட்கவில்லை.

ஆய்வுக்குத் தாங்கள் அனுப்பும் அலுவலர் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். சாதாரண நாளில், மேட்னி தொடங்கிய பிறகு வந்தால்தான் உள்ளபடி தெரியும். அதற்காக என் பாஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர் எழுதாத பாஸ். கொண்டுவருபவர் யாராயினும் கேட்டில் காட்டி உள்ளே போகலாம். திருப்பி அனுப்ப வேண்டாம்.

இடம்: வத்திராயிருப்பு
நாள்: 14.8.1989

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) எம். சாகுல் ஹமீது

இணைப்பு: 1. நிர்வாகத்தின் கடிதம்.
2. பாஸ் – ஒன்று.