இரண்டு நாட்டுச் சந்தனம்

அக்கா,

இன்று காலை காஜா பெராங் தெரு முனைக்கடையில் தகரத்திலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் தாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் பேசாமல் அங்கேயே நின்றிருப்பீர்கள்.

பள்ளியை விட்டு ஊதுபத்திப் பட்டறைக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த வருடம். இந்தியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் சந்தனச் சிராய்களை முகர்ந்து பிரிப்பது நம் வேலை. மூட்டை வந்திறங்கும்போதெல்லாம் நீங்கள் பலகைச் சுவரில் கரிக்கோடு போடுவீர்கள், நாட்டுக்கு ஒரு வரிசை. முதல் வருடம் இந்தியக் கோடுகள் சன்னல்வரை ஓடின. இந்தோனேசியாவுக்கு ஏழெட்டுதான். பிறகு வருடத்துக்கு வருடம் ஒன்று சுருங்கச் சுருங்க மற்றது நீண்டது. இரண்டும் சமமான அன்று, "நம்ம ஆளுக்கு மூச்சு வாங்குது, யாராச்சும் சோடா வாங்கிக் குடுங்கடி" என்றீர்கள். பட்டறையே சிரித்தது.

இடையில் உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. திரும்பி வந்த அன்று ஒரு சிராயை வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தீர்கள். பிறகு என் காதருகே குனிந்து, "ஒண்ணுமே தெரியலடி. வெளிய சொல்லாத. வேலை போயிடும். எங்கம்மாவுக்கும் தெரிய வேணாம்" என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் மூக்கு நான்தான். "எந்தக் கை?" என்பீர்கள். இந்தியா என்றால் வலது கையை நகர்த்துவேன், இந்தோனேசியா என்றால் இடது. வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அது வசதியாகவே இருந்தது. மூன்று வருடம் யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் இந்திய மூட்டை வருவதே அபூர்வமாகிவிட்டது. அதில் ஒரு துண்டுகூட மாறிப் போகக் கூடாது என்று முதலாளி, நம் தவுக்கே, ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதித்தார். நான் முகர்ந்த அதே துண்டைத்தான் உங்களிடம் நீட்டினார். இந்தியத் துண்டு. நீங்கள் என் கைகளைப் பார்த்தீர்கள். உங்கள் பார்வை போன திசையில் எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள். என் கைகள் பாவாடையைப் பிடித்தபடி நின்றுவிட்டன.

"இந்தோனேசியா" என்றீர்கள்.

"சாலா" என்றார் தவுக்கே. தப்பு. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கத் தொடங்கினீர்கள். இரண்டாம் மாதம், ஒரு மத்தியானம், உங்கள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். தகரம் ஒழுகி மண்ணெண்ணெய் தரையெல்லாம் பரவியிருந்திருக்கிறது. நீங்கள் அடுப்பைப் பற்ற வைத்தீர்கள்.

"தெருவே நாறுச்சு, அவளுக்கு மட்டும் தெரியாமலா போச்சு?" என்றார்கள் அக்கம்பக்கத்தார். வேலை போன துக்கத்தில் நீங்களே செய்துகொண்டதாக முடிவு கட்டினார்கள். அம்மாவும் நம்பிவிட்டார். பதினாறாம் நாள் என் கையைப் பிடித்து, "உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாம்மா?" என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று கடையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு வாசனையே தெரியாதும்மா. மூணு வருசமா."

முறம் நின்றது. "தினமும் என் ரசம் மணக்குதுன்னு சொல்லுவாளே" என்றார். பிறகு அழுதார். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதார். அழுகை அடங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"தவுக்கே கேட்டப்ப நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்மா."

அடுத்த கேள்வி வந்தால் என் கை நகராததைச் சொல்லக் காத்திருந்தேன், அக்கா. அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.