அம்மாவின் காலில் இருக்கும் கண்ணாடி

அன்பு மகள் சிர்க்குவுக்கு,

அப்பா தைஸ்தோ எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று வழக்கம்போல் எழுதி முடித்துவிடலாம், ஆனால் உன் அம்மா நலமா இல்லையா என்பதே இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குப் பிடிபடவில்லை, அதனால்தான் போனில் நீ கேட்டபோதெல்லாம் மழுப்பினேன், பக்கத்திலேயே அவள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே துர்க்குவில் கடல் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, பக்கத்து வீட்டு ரைமோ பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒரு மீனும் இல்லாமல் திரும்பி வந்து நம் வீட்டுக் காபியைக் காலி செய்கிறான். அவசரமாக டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள், எழுதுகிறவனே குழம்பித்தான் இருக்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு நடந்த ஆபரேஷன் உனக்குத் தெரியும். பனிச்சறுக்கில் எப்போதோ உடைந்து தகடு வைத்த எலும்பு, முழங்காலுக்குக் கீழே, சீழ் பிடித்து, கெட்டதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் கண்ணாடியைப் போட்டு நிரப்பினார்கள். ஆமாம், கண்ணாடிதான், நம் ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கியதாம், பார்க்கக் கல்லுப்பு மாதிரி இருந்தது. இது கிருமியை அண்டவிடாது, போகப்போக எலும்பாகிவிடும் என்றார் டாக்டர் கூசெலா. கண்ணாடி எப்படி எலும்பாகும் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள், மறுபடி சீழ் வைத்தால் காலை எடுக்கவேண்டி வரலாம் என்றார், அதோடு என் கேள்வியை மறந்தேபோனேன். பிறகு அந்த ஒரு வார்த்தைதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

புண் நன்றாக ஆறிவிட்டது, சவுனாவில் நீராவிக் குளியல் போடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று இரண்டு பேரும் போனோம், அம்மா மேல் பலகையில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிவிட்டு நேராகக் கடல்பனியில் வெட்டிய குழிக்குள் இறங்கி, ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டே சிரித்தாள். ஜனவரி பாதியிலிருந்து திடீரென்று நிறுத்திவிட்டாள். ஒரு சனிக்கிழமை தலைவலி, அடுத்த சனிக்கிழமை அவளுடைய அக்கா போன் பண்ணுவாளாம், அதற்கடுத்தது எனக்குக் குளிக்கவே பிடிக்கல என்றாள். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை சவுனாவைத் தானாக விடாதவள் இப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பது? வீட்டுக்குள்ளும் முழங்கால் வரை கம்பளிக் காலுறை, படுக்கும்போதும் கழற்றுவதில்லை. சீழ் வந்துவிட்டது, எனக்குக் காட்டாமல் மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, துவைக்கப் போட்ட காலுறையை எடுத்து மோந்துகூடப் பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது, முன்னாலேயே அலசிவிட்டாளோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். ரைமோவிடம் சொன்னேன், அவன், காலும் இல்ல கையும் இல்ல, உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவளுக்கு அலுத்துப்போச்சுடா என்று சொல்லிவிட்டு இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கு வரச் சொன்னதற்கும், வசந்தம் வரட்டும் பாக்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. சவுனாவைச் சூடேற்றிவிட்டுக் காத்திருந்தேன், வரவில்லை. இடுப்பில் துண்டோடு பனியில் நடந்து சமையலறைக்கு வந்து நின்று, காலைக் காட்டு ஹெல்வி என்றேன். உனக்கென்ன பைத்தியமா, கதவைச் சாத்து, வீடு பூரா குளிருது என்றாள். நான் நகரவில்லை. காலை எடுத்துட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன் என்று சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீழெல்லாம் ஒண்ணுமில்ல, நீ கார் கண்ணாடிக்குப் பண்ணினியே, அதுதான் என்றாள்.

ஜனவரியில் ஒரு காலை, கடுங்குளிர், பனி சுரண்டும் பலகை கைக்கு அகப்படவில்லை, நான் அவசரத்தில் கெட்டில் சுடுதண்ணீரைக் காரின் முன்கண்ணாடியில் ஊற்றிவிட்டேன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிளந்துகொண்டது. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அந்தச் சத்தம் வந்தப்ப எனக்குக் கால்ல சுருக்குன்னுச்சு, அவ்ளோ சூட்டுல உக்காந்துட்டு நேரா ஐஸ்ல இறங்கினேனே, உள்ள இருக்கறதும் கண்ணாடிதானே என்றாள். காலுறையும் அதற்குத்தான், குளிர் படக்கூடாதாம். பிறகு கழற்றிக் காட்டினாள். தழும்பு காய்ந்து வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது, ஆனால் அவள் சொல்வது எனக்கும் சரியாகத்தான் பட்டது. கண்ணாடி கண்ணாடிதானே? அன்றிரவு சவுனா அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வேர்க்காமலே படுத்தோம்.

கையோடு பேசிப் பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், சீழ் எங்குமே இல்லை என்றதும் அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். பிறகு நான்தான் அவளுடைய சவுனா பயத்தைப் போட்டு உடைத்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார், வெளியில எவ்ளோ சூடு குளிர் இருந்தாலும் எலும்புக்குள்ள அந்த அளவு போகாதும்மா, அதோட இது ஜன்னல் மாதிரி ஒரே தகடு இல்ல, பொடிப்பொடியா இருக்கறது, மெதுவா கரைஞ்சுக்கிட்டே வரும், கரையக் கரைய மேல எலும்பு மாதிரியே ஒரு படலம் படியும், உங்க உடம்புல ஸ்டெம் செல்னு இருக்கு, என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லுங்க, அதுங்க அங்க வந்து ஒட்டிக்கிட்டு எலும்பு செல்லா மாறிடும் என்றார். ரைமோவின் மகன் யோனியும் முப்பது வயதாகியும் என்னவாக வேண்டும் என்று முடிவு பண்ணாமல்தான் இருக்கிறான், அவனையும் கண்ணாடிமேல் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன், அம்மா முழங்கையால் இடித்தாள். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்றார் டாக்டர். சவுனால கால் வெடிக்குமான்னு கேட்டா நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்களா என்றாள் அம்மா. சிரிச்சிருப்பேன் என்று அவரும் ஒத்துக்கொண்டார். நான் விடாமல், இந்தப் படத்தில் எது வரைக்கும் கண்ணாடி, எதிலிருந்து எலும்பு, கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். பேனாவை எடுத்தார், படத்தின்மேல் கொண்டுபோனார், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். எனக்கே தெரியல, அப்படித் தெரியாமப் போறதுதான் நமக்கு வேணும் என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கென்னவோ முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது.

நேற்று சனிக்கிழமை. பயத்தில் நான் விறகைக் குறைத்துத்தான் போட்டேன். இது என்ன சவுனாவா, பால் ஆற வெச்ச மாதிரி இருக்கு என்று அம்மா திட்டிவிட்டுத் தானே நாலு கட்டை சொருகினாள். மேல் பலகையில் ஏறினாள், பனிக்குழியில் இறங்கினாள், நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து மறுபடி ஏறினாள், நான் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவள் காலருகில் உட்கார்ந்து தழும்பின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். காலோடு இவள் நமக்குக் கிடைத்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது, அழுகை வந்துவிட்டது. இதுல எது கண்ணாடி, எது நீ என்று கேட்டேன். கைய எடு தைஸ்தோ, எல்லாம் நான்தான், தண்ணிய ஊத்து என்றாள். அகப்பையில் மொண்டு அடுப்பின் சூடான கல்லின்மேல் ஊற்றினேன், ஆவி குப்பென்று எழுந்தது.

ஆகவே டிக்கெட்டை மாற்ற வேண்டாம், சொன்னபடி நடுக்கோடைப் பண்டிகைக்கே வாருங்கள். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, குழந்தையைக் குளிர்காற்றில் தொப்பி இல்லாமல் தூக்கிப் போகாதே. முக்கியமாக, காலுறையை மோந்து பார்த்ததை அம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதே.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா தைஸ்தோ