நீ சாப்பிடாத மத்தியானங்கள்

என் ஆசை அண்ணே,

உனக்கு ஒரு மருமகள் பிறந்திருக்கிறாள். பெயர் யாழினி, எட்டு மாதமாகிறது. நெற்றி அப்படியே உன்னுடையது என்று அம்மா சொல்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு எழுந்து போய்விடுகிறாள். இந்தச் சேதியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், எழுமலை வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது, நான் மதினியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேன். "நேரத்துக்குச் சோறாக்கிப் போட்டிருந்தா எங்கண்ணன் நாப்பத்தோரு வயசுல போயிருக்குமா?"

மதினி உன் மகள் ஓவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. நெஞ்சுவலியில் நீ போன அந்த நாட்களில், யாரையாவது குற்றம் சொன்னால்தான் எனக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு மதினியோடு நான் பேசவே இல்லை.

யாழினி வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை வந்தது, அண்ணே. நம் அப்பாவுக்கு இருந்தது, உனக்கு இருந்தது, இப்போது எனக்கு. பிரசவம் ஆனதும் இறங்கிவிடும் என்றார்கள். இறங்கவில்லை. ஆறு மாத லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஆனையூரில் பஸ் ஏறுவதற்குள் ஒரு டீதான் உள்ளே போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டை உன் மாப்பிள்ளை சரவணன்தான் டப்பாவில் கட்டிக் கொடுப்பார். அதைத் திறக்க நேரம் இருக்காது. நோட்டுத் திருத்திக்கொண்டே இரண்டு பிஸ்கட் தின்பேன்.

ஒரு நாள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். பிள்ளைகள் அலறிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "குழந்தைக்கு என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டார். பருப்புச் சாதம், மசித்த கேரட், பூசணி, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒப்பித்தேன். "நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்றார். எனக்கு ஞாபகமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரவணன் என் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். "இன்னைக்கும் தொறக்கவே இல்லையா, மகா? நான் ஆக்குறது நல்லா இல்லையா?"

"பசிக்கலைங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது நீ எப்போதும் சொல்லும் வார்த்தை என்று காதில் விழுந்தது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனுசனிடம் யாராவது போய், 'நீ ஏன் நேரத்துக்குச் சோறு போடவில்லை' என்று கேட்பார்களா? கேட்க மாட்டார்கள், அண்ணே. மதினியிடம் மட்டும் எப்படிக் கேட்டேன்?

டாக்டரம்மா கொடுத்த உணவு அட்டவணையில் ஆறு வேளை எழுதியிருந்தது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஆறு வேளை ஆக்குவது யார்? சர்க்கரை உள்ளவருக்குப் பன்னிரண்டு வருடம் சமைத்த ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். நான்கு தடவை நம்பரை எடுத்து வைத்துவிட்டு, ஐந்தாவது தடவை கூப்பிட்டேன்.

"சொல்லு மகா." நேற்றுப் பேசிய மாதிரி ஒரு குரல்.

என்னென்னவோ உளறினேன். மயங்கி விழுந்ததைச் சொன்னதும் மதினி குறுக்கிட்டார். "பிள்ளையைக் கையில வச்சிருந்தியா?"

"இல்லை மதினி, ஸ்கூல்ல."

"நாயித்துக்கெழமை வாரேன்."

வந்தார். உசிலம்பட்டி வழியாக இரண்டு பஸ் மாறி, முருங்கைக்கீரையும் கேழ்வரகு மாவுமாக. யாழினியை மடியில் வாங்கி, நெற்றியைத் தடவினார். பிறகு அட்டவணையை வாங்கிப் படித்தார். "ஆறு வேளை ஆக்கச் சொல்லல மகா, ஆறு வேளை திங்கத்தான் சொல்லுது. பிள்ளைக்கு வேகவைக்கிற காயோட இன்னும் நாலு சேத்துப் போடு. உப்புப் போடுறதுக்கு முன்னாடி அவளுக்கு எடுத்துட்டு, மிச்சத்தைத் தாளிச்சு நீ சாப்பிடு. தட்டுல பாதி காய், கொஞ்சமா சோறு. அம்புட்டுத்தான்."

அன்று மத்தியானத்துக்குள் நாங்கள் மூவரும் ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துவிட்டோம். சரவணன் பீன்ஸ் நறுக்கினார். மதினி பாசிப்பயறை ஊறவைத்தார், கொண்டைக்கடலையை வேகவைத்துப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். கீரையை உருவிக்கொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்துவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நான் சொன்னது..."

"மறக்கல மகா. மறக்க முடியல." தலை நிமிரவில்லை. "தினமும் கட்டித்தான் குடுத்தேன். தண்ணி இல்லாமப் பயிர் காயுதுன்னு சம்சாரிக எரிஞ்சுபோன மோட்டாரை ரிப்பேர் கடையில கொண்டாந்து போட்டு நிப்பாக. அவுகளை நிறுத்தி வச்சுட்டு எப்படித் திங்கிறதுன்னு உங்கண்ணன் மோட்டாருக்குக் கம்பி சுத்திக்கிட்டே இருந்துருவாக. சோறு அப்படியே திரும்பி வரும். கொட்ட மனசு வராம நானே தின்னுருவேன். உங்கம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வேற."

"அதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"செத்துப்போன மனுசனை எல்லாருக்கும் முன்னாடி வச்சுக் குத்தம் சொல்லச் சொல்றியா?" பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "ஒரு நாளாச்சும் கடைக்கு வந்து, பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டிருக்கலாம். அது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்.

"மன்னிச்சிருங்க மதினி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மதினி அழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

ஏன் அண்ணே அப்படிச் செய்தாய்? ஊரார் பயிர் வாடியது உன் கண்ணுக்குத் தெரிந்ததே, நீ வாடியது தெரியவில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். இத்தனை நாளும் தப்பான ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. எல்லா நாளும் ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். யாழினிக்குக் காய்ச்சல் வந்த வாரம் எல்லாம் கலைந்துபோனது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆரம்பித்தோம். மத்தியானம் மணி அடித்ததும் நோட்டுகளை மூடிவிடுகிறேன், பிள்ளைகள் காத்திருக்கட்டும். போன வாரம் சோதித்தபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழுசாக இல்லை.

மதினி என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. பழி சொன்னது ஊர் கூடிய சபையில். மன்னிப்புக் கேட்டது நாலு சுவருக்குள், என் அடுப்படியில். அது போதாது.

வருகிற மாதம் உனக்கு இரண்டாம் வருடத் திதி. அன்றைக்கு வந்த அதே சொந்தங்கள் வருவார்கள். நான் சொன்னது பொய், மதினி ஒரு நாள்கூட உன்னைப் பசியோடு அனுப்பவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன். உன் பிடிவாதத்தையும் சேர்த்தே சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. ஓவியாவும் அங்கே இருப்பாள். அவள் கேட்கும்படியாகச் சத்தமாகவே சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
மகா