வண்டிக்கு ஒதுங்கும் கால்

செப்டம்பர் 12, 1973. அயோவா, அமெரிக்கா

இன்று மானம் போயிற்று. பள்ளி விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் கார் சத்தம். பார்த்தால் கார்ல், என்னை இந்த ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்துப் படிக்க அனுப்புகிற மனிதர். பார்த்த மாத்திரத்தில் என் கால் ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கையைக் கட்டித் தலையைக் குனிந்து நிற்கிறேன் — ஊரில் எங்கள் சின்னக்கானல் எஸ்டேட்டில் மேனேஜர் தொரையின் ஜீப்புக்கு நிற்பதுபோலவே.

வண்டியை நிறுத்தி, "என்ன தொலைந்தது?" என்றார். பென்சில் என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நல்ல பூட்ஸோடு பள்ளத்தில் இறங்கிப் புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டார். நானும் கூடவே தேடினேன், இல்லாத பென்சிலை.

செப்டம்பர் 13

என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புதுப் பென்சில். கார்ல் வாங்கி வைத்தது.

அக்டோபர் 20

மறுபடி மறுபடி அதே கூத்து. மனசு 'நில்லுடா' என்கிறது, கால் கேட்பதில்லை. மூளைக்குத்தான் ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள், காலுக்கு இல்லை போலிருக்கிறது.

இன்று பக்கத்து வீட்டுக்காரி கார்லின் மனைவி டோரிஸிடம் கேட்டாளாம்: "உன் புருஷன் அந்தப் பையனை அடிக்கிறாரா? காரைக் கண்டாலே பம்முகிறானே." டோரிஸ் அழுதுவிட்டார். கார்ல் என் அறை வாசலிலேயே நின்று, "நான் உனக்கு ஏதாவது தப்பு செய்தேனா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவள், ஜீப் வந்தால் இறங்கி ஒதுங்குவோம் என்று.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. அப்பா இறங்குவார். நானும் இறங்குவேன்."

"நான் டிராக்டர் சாமான் விற்கிறவன். யாருக்கும் தொரை இல்லை. என்னைக் கண்டால் கையை ஆட்டு, போதும்" என்றார்.

அப்பாவைக் காட்டிக்கொடுத்ததுபோல இருக்கிறது. ஏன் அப்படி இருக்க வேண்டும்?

ஜனவரி 17, 1974

இறங்கவில்லை. பனியில் ரோட்டோரம் நின்று கையை ஆட்டினேன். கார்ல் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுத? எழுதவில்லை.

ஜூலை 3. சின்னக்கானல்

அமெரிக்கா போய்வந்த எஸ்டேட் பையன் என்று தொரையே மூணாறுக்கு ஜீப் அனுப்பியிருந்தார். டிரைவர் சின்னமுத்து அண்ணன், "முன்னால ஒக்காருங்க தம்பி" என்றார். போன வருஷம்வரை 'ஏலே' என்று கூப்பிட்டவர்.

நல்ல மழை. எஸ்டேட் ரோட்டில் திரும்பியதும் எதிரே இரண்டு பேர். என்னை அழைத்துவர மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்த அப்பாவும் அம்மாவும். ஜீப்பைக் கண்டதும் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்தார். சக்கரத்துச் சேறு அவர் வேட்டியில் தெறித்தது.

அண்ணன் குழி பார்த்து ஓட்டியதில் அவர்களைக் கவனிக்கவில்லை. நிப்பாட்டுங்கண்ணே — அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லல. இந்தக் கோலத்துல அவங்கள அண்ணன் பாத்துருவாரோன்னுதான் நெனச்சேன். ச்சீ, என்னா புள்ள நான்.

லயத்து வரிசையில் எங்கள் வீட்டில் நான் முதலில் போய் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் நான் இல்லை என்று நனைந்துகொண்டு திரும்பி வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஜூலை 5

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அப்பா கேட்டார்.

"எய்யா, சின்னமுத்து சொன்னான், அந்த ஜீப்புல முன் சீட்டுலயா ஒக்காந்து வந்த?"

"ஆமாப்பா."

"தலையக் குனிஞ்சு நின்னேனா, பாக்காமப் போயிட்டேன். ஒன்னய அதுல ஒருக்காப் பாத்திருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.