ஓடுபாதையில் ஒரு திருகாணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினை விட்டு அவ்வப்போது எழுந்து நடக்கிறாயா?

இங்கே இளைஞர் விமானப் பயிற்சிப் படையில் தொண்டராகச் சேர்ந்துவிட்டேன். பதறாதே, முக்கால்வாசி தரையில் செய்கிற வேலைதான். விமானம் கிளம்புமுன் நாங்கள் வரிசையாக நடந்து, ஓடுபாதையில் கிடக்கும் கல், ஆணியைப் பொறுக்க வேண்டும். நேற்று எல்லோரும் தாண்டிப்போன இடத்தில் ஒரு பொடித் திருகாணி என் கண்ணில் பட்டது. நீ சிந்திய குண்டூசிகளைத் தேடியே வளர்ந்த கண்ணாயிற்றே!

பயிற்சியாளர் அதை வாங்கிப் பார்த்தார். “டயரைப் பதம் பார்த்திருக்கும். ஏறும்மா, இன்னைக்கு முதல் சுத்து உனக்குத்தான்” என்றார்.

அம்மா, நான் பறந்தேன்! ஊரே உன் வெட்டுத்துணிக் கூடையைக் கவிழ்த்தது போலக் கீழே கிடந்தது. திரும்பும்போது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் விமானத்தை நானே ஓட்டினேன்!

சீருடைப் பேன்ட்தான் இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தக்கூடாதாம், ஓடுபாதையில் விழுந்துவிடுமாம். கருநீல நூல் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீயே ஊசியில் கோத்து அனுப்பேன்.

ஓடுபாதைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. இன்று வரிசைக்குத் தலைவி நான்தான்!

உன் மகள்